செம்பருத்தி விழுந்த வீடு

தங்கராஜு வாத்தியாருக்குப் பொய் என்றால் அறவே ஆகாது. நல்ல குணம்தான். அந்த நல்ல குணத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளத் தெரியாமல் நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

மலாக்கா டவுனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் பெரிய வகுப்புப் பையன்களுக்கு அவர் கணக்கு வாத்தியார். முப்பத்தாறாம் வருஷம் ஏதோ ஒரு விவசாயப் பத்திரிகையில், எந்த உரம் ரப்பர் மரத்துக்கு நல்லது என்று வெள்ளைக்காரர்கள் சோதித்துப் பார்க்கும் முறையைப் படித்துவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. பாடத்திட்டத்தில் இல்லாததைப் பலகை நிறைய எழுதிப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"ஒருத்தன் மருந்து சாப்பிட்டான், பொழச்சான். மருந்தாலதான் பொழச்சான்னு எப்படிச் சொல்லுவே? சாப்பிடாமலே பொழச்சிருக்க மாட்டானா? அதனால பாதிப் பேருக்குக் குடுக்கணும், பாதிப் பேருக்குக் குடுக்கக் கூடாது. யாருக்குன்னு நீ முடிவு பண்ணா ஒன் மாமனுக்குக் குடுப்பே. நான் முடிவு பண்ணா என் மச்சானுக்குக் குடுப்பேன். சீட்டுப் போட்டாத்தான் நியாயம். விழுந்த சீட்டுல கை வைக்கக் கூடாது. கை வெச்சா அது சோதனையே இல்ல, பொய்."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் காளிதாஸ் என்ற பையனுக்கு மட்டும் அது நன்றாகப் பிடிபட்டது. வாத்தியாருக்கும் அவன் மேல் தனிப் பிரியம்.

சோதித்துப் பார்க்க ஓர் இடமும் தோதாக வந்து வாய்த்தது. சுங்கை ரம்பாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். மழை பிடித்தால் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாகக் குளிர்காய்ச்சல் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் இடம். காய்ச்சல் வராமல் தடுக்கும், வந்தாலும் தணிக்கும் என்று புதிதாக ஒரு மஞ்சள் மாத்திரையைத் தோட்டத்துரை வரவழைத்திருந்தார். பாதி வீடுகளுக்குத்தான் காணும். மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கையைப் பிசைந்தார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி அப்புசாமியோ தன் சனத்துக்கு முதலில் வேண்டும் என்று நின்றார். வாத்தியார் துரையைப் பார்த்துப் பேசினார். சீட்டுப் போட்டுக் கொடுங்கள், மாத்திரை பலிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும் என்றார். துரை சரி என்றார்.

சனங்கள் சரி என்று சொல்லவில்லை. "எங்க உசுரு என்னா சூதாட்டமா?" என்று பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் வாத்தியாருக்கு அந்த யோசனை தோன்றியது. பெண் கொடுப்பதென்றாலும், தோட்டம் மாறிப் போவதென்றாலும், மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்காமல் அங்கே யாரும் எதையும் செய்வதில்லை. பூவை இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்துக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதையே சீட்டாக வைத்துக்கொண்டால் என்ன? பாதிப் பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, பாதியில் சிவப்புச் செம்பருத்தி. வெள்ளை வந்த வீட்டுக்கு மாத்திரை.

ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. வீட்டுக்கு ஒரு குழந்தை வந்து பொட்டலம் எடுத்தது. கங்காணி வீட்டுக்கே செம்பருத்திதான் வந்தது, அவரும் வாயை மூடிக்கொண்டு போனார். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் காளிதாஸ் மெல்லச் சொன்னான். "ஆத்தாவே சொன்னதா அவங்க நெனைக்கிறாங்க சார்."

"நெனைச்சிட்டுப் போகட்டும்லா. நமக்குச் சீட்டு, அவங்களுக்கு ஆத்தா. ரெண்டும் ஒண்ணுதான்."

மழை வந்து ஓய்ந்தது. மாத்திரை பலித்திருந்தது. வெள்ளைப் பூ விழுந்த வீட்டுப் பிள்ளைகள் சாக்கடை ஓரம் ஓடிப்பிடித்து விளையாடின. செம்பருத்தி விழுந்த வீடுகளில் கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தார்கள். துரைக்குப் பரம திருப்தி. எல்லோருக்கும் போதுமான மாத்திரையை வரவழைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் காளிதாஸையும் இன்னும் சில பையன்களையும் கூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வேட்டி கட்டிப் போனார். பாடத்தின் கடைசிப் பகுதியைக் கண்ணால் காட்டப் போகிறாராம்.

கையை நீட்டி மாத்திரை வாங்கியவர் கங்காணி ஒருவர்தான். மற்ற செம்பருத்தி வீடுகள் கதவைச் சாத்தின. அம்மன் வேண்டாம் என்று சொன்ன மருந்தை எவள் பிள்ளைக்குக் கொடுப்பாள்? மாத்திரை மட்டுமில்லை, டிரெஸ்ஸர் எப்போதும் காய்ச்சலுக்கு ஊற்றிக் கொடுக்கும் கசப்புக் கொய்னாத் தண்ணியைக்கூட அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். இது வாத்தியாருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசி வீடு பெத்தம்மாளுடையது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் போன வருஷம் இதே காய்ச்சலில் போய்விட்டான். மிச்சமிருந்தது ஒரே பெண், முத்தாயி. பச்சைக் குழந்தையில்லை, ஐந்தாறு வயசிருக்கும், ஆனாலும் தாய் இடுப்பில் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போனாலே அனல் அடித்தது.

"குடும்மா, இது நல்ல மருந்து. சொகமாயிடும்."

"ஆத்தா செவப்பு குடுத்துட்டாளேய்யா."

"அது ஆத்தா குடுத்ததில்லம்மா. சும்மா சீட்டு. நானும் பூசாரியும் உக்காந்து கட்டுன பூவு."

பெத்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ஏன் கோயில்ல வெச்சு எடுக்கச் சொன்னீங்க?"

வாத்தியாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. "மறுபடி ஆத்தாகிட்டயே கேப்போம்" என்றார்.

அவள் முகம் மாறியது. அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போலப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். கோயிலில் பூசாரி பூக்கூடையை எடுத்தபோது தடுத்தாள்.

"பூசாரி வேணாம். வாத்தியாரையா, நீங்களே கட்டுங்க. நீங்க தனியாப் போயிக் கட்டிக் கொண்டாங்க."

வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் நேர்மை மேல் இவளுக்கு எத்தனை நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டார். கோயிலுக்குப் பின்னால் போய் இலையை விரித்தார். கூடவே வந்த காளிதாஸ் காதோடு காதாகச் சொன்னான்.

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிடலாம் சார்."

"என்னாடா சொல்றே? இத்தன நாளு என்னா படிச்சே? விழுந்த சீட்டுல கை வைக்கலாமா?"

"இது பாடம் இல்ல சார். புள்ள சாவுது சார்."

கோயில் வாசலில் மற்றப் பையன்கள் நின்றிருந்தார்கள். கங்காணி அப்புசாமி வேறு, வாத்தியார் எங்கே வழுக்குவார் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். தங்கராஜு ஒன்றில் நந்தியாவட்டையும் ஒன்றில் செம்பருத்தியும் வைத்துக் கட்டினார். பாதிக்குப் பாதி. அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் மலாக்காவில் யார் இருந்தார்? தெரிந்தேதான் கட்டினார். வெள்ளை வந்துவிடும் என்று உள்ளே ஓர் அசட்டு ஆசை இருந்ததாம். கணக்கு வாத்தியாருக்கு!

முத்தாயி சுடும் கையை நீட்டி ஒரு பொட்டலத்தைத் தொட்டது. பெத்தம்மாள் அவசர அவசரமாகப் பிரித்தாள். செம்பருத்தி.

அவள் அழவில்லை. பூவைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள், வெகுநேரம். "சரி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு லயத்துக்குப் போனாள். பின்னாலேயே ஓடி மாத்திரையை நீட்டியவரிடம், "ரெண்டு தடவ சொல்லிட்டாய்யா" என்று கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் வாத்தியார் இதைப் பாடமாகவே நடத்தினார். மனசு உறுத்தாமல் இல்லை. உறுத்தியதால்தான் அன்றைக்குக் குரல் ஓங்கியிருந்தது. எவ்வளவு ஆசை இருந்தாலும் சோதனையில் கை வைக்காதவனே உண்மையான மனிதன் என்றார். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். காளிதாஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார்.

அந்த வாரமே முத்தாயி போய்விட்டது. டிரெஸ்ஸர் சொல்லி அனுப்பினார். துரைக்கு அனுப்பும் கணக்கில் செம்பருத்தி வீடுகளின் பக்கம் ஒரு சாவு கூடியது. மாத்திரையின் மகிமை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது என்று துரை மெச்சிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் தனியாகப் பஸ் ஏறினார். காளிதாஸ் வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பெத்தம்மாள் லயத்து வாசலில் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து வாளியைத் துடைத்து அவர் உட்காரத் தள்ளிவிட்டாள். ஏசப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்து வந்தவருக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"நான் பொய் சொல்லலம்மா" என்றார். "ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. சரியாத்தான் கட்டுனேன்."

"தெரியும்யா" என்றாள் பெத்தம்மாள். "பூசாரி ஆத்தாளுக்குப் பயந்தவரு, அவரு மாத்திக் கட்ட மாட்டாரு. அதான் ஒங்கள கட்டச் சொன்னேன். ரெண்டுலயும் வெள்ளய வெச்சிருந்தா, ஆத்தா மனசு மாறிட்டான்னு ஊரு நம்பியிருக்கும். நானும் நம்பியிருப்பேன்யா."