கொடிமுந்திரியும் சுட்ட மாங்காயும்

ஓசூர்க் குன்றின்மேல் நின்ற கோபுரத்தைப் பொன்னால் மெழுகி, நீர் வற்றிய ஏரிகளின் வெடித்த சேற்றைச் செப்புத் தகடுகளாக்கி, கேழ்வரகு அறுத்த தாள்கள் நிரைநிரையாய் நின்ற செம்மண் மேடுகளைத் தழுவியவாறே ஏறிவந்த ஞாயிறு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஒரே கிணற்றில் நீர் மொண்டு வாழும் ஜூஜுவாடி என்னும் எல்லையூரின் தலைக்குமேல் வந்து நின்றபோது, முதுவேனிலின் நண்பகல் தன் முழுவெம்மையையும் விரித்திருந்தது. ஊரையொட்டிக் கிடந்த பெருவழியில், கிருஷ்ணகிரித் தோப்புகளின் மாங்கனிகளை வைக்கோலிற் பொதிந்து சுமந்த மாட்டுவண்டிகள் பெங்களூரை நோக்கி அசைந்து செல்ல, அவற்றைப் பின்னின்று உறுமி விலக்கிய சரக்கு வண்டிகள் எழுப்பிய புழுதி, கலைக்க ஒரு காற்றும் இன்றி, மெல்லிய செந்துகிலைப்போல் வெளியிலேயே தொங்கிற்று. வழியோரத்தில் ஓர் எல்லைக்கல் நின்றது. அக்கல்லுக்கு இப்பால் கள்ளை விலக்கிய அரசாணை நடந்தது. அப்பாலோ, சில ஊர்களில் ஈச்சமரங்கள் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தன.

அவ்வூரின் வடகோடியில், பெரும்புங்கமரம் ஒன்றின் நிழலோடு தென்னங்கீற்றுப் பந்தலும் சேர்ந்து குளிர்ந்திருந்த வீடு, திம்மப்பன் என்னும் உழவருடையது. அன்று அவர் மகள் செல்லிக்கு மணவுறுதி நாள். மணமகன் அத்திப்பள்ளிக்கு அப்பால் கொடிமுந்திரி எனப்படும் திராட்சைத் தோட்டம் உடையவன், தந்தையை இழந்தவன், ஆதலின் அவன் பொருட்டுப் பேசும் உரிமை தாய்மாமன் வெங்கடசாமியின் கையில் இருந்தது. அவ்விரு வீட்டாரின் குடிவழக்கில் கலயம் மாற்றுதல் என ஒன்று உண்டு. இருவீட்டுப் பெரியவர்களும் ஒரே கலயத்தை வாங்கி மாறி மாறிப் பருகி, பின்னர் வீட்டு ஆண்மக்கள் எல்லாரும் அதிலேயே ஒவ்வொரு வாய் பருகினாலன்றி மணப்பேச்சு முடிந்ததாகாது. அது முடியும்வரை மணமகன் வீட்டார் கொணர்ந்த வரிசைத் தட்டைப் பெண்வீட்டார் தொடுதலும் ஆகாது. தொன்றுதொட்டு அக்கலயத்தில் நுரைத்தது ஈச்சங்கள்ளே. கள் இல்லை என்ற ஓர் இடத்தில், வெங்கடசாமி தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்பதும், அந்த மணம் அன்றோடு நின்றது என்பதும் ஜூஜுவாடி முழுதும் அறிந்த செய்திகள்.

ஆயினும் அந்த வீட்டுக்குக் கள் வரவில்லை. வரவேண்டா என்று கேட்டவள் திம்மப்பனின் மருமகள் முனிலட்சுமி. மாமனார்முன் தலை நிமிர்ந்தறியாதவளும், நான்கு பேர் கூடிய இடத்தில் தன் குரலைத் தானே கேட்டறியாதவளுமாகிய அப்பெண், தன் வாழ்நாளில் அவரிடம் கேட்ட ஒரே வேண்டுகோள் அது. அவள் கணவன் கிருஷ்ணப்பன் அந்தி சாயுந்தோறும் எல்லைக்கல்லைக் கடந்து போய், விண்மீன்கள் பூத்தபின் தள்ளாடித் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், யாரும் சொல்லாமலே, இனித் தொடமாட்டேன் என்று அவன் நிறுத்திக்கொண்டான். ஈன்ற கன்றை நக்கும் பசுவின் அருகே அடியோசை எழாமல் நடப்பவளைப்போல், அந்த அமைதியைச் சுற்றி அவள் நடந்து வந்தாள். அண்ணன் என்னும் முறையால் அக்கலயத்தில் அவனும் ஒருவாய் பருகியே தீரவேண்டும் என்பதை நினைத்தபோது, அவள் வாய் திறந்தது.

“கள்ளு வேண்டாங்க மாமா. பழத்துல நானே ஒண்ணு கலக்கித் தர்றேன்.”

திம்மப்பன் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பின்பு, “சரிம்மா,” என்றார். “ஆனா அந்த மனுசன் எழுந்து போயிட்டாருன்னு வெய்யி, செல்லி மூஞ்சிய நீதான் பாத்துப் பதில் சொல்லணும்.”

ஆகவே முந்தைய நாளே அவள் தொடங்கினாள். முற்றிய விளாம்பழங்களை உடைத்துச் சதையைப் பிசைந்து, நாட்றாம்பாளையத்து மலைச்சரிவில் அகழ்ந்து வந்த நன்னாரி வேரைத் தட்டிக் கொதிக்கவைத்து, வீட்டிலிருந்த வெல்லம் முழுவதையும் அதிற் கரைத்து, ஏலம் தூவி இறக்கினாள். மாமனார் பரணிலிருந்து ஒரு கரிய பழங்கலயத்தை இறக்கித் தந்தார். அவருடைய மணவுறுதியும் அவர் தந்தையின் மணவுறுதியும் நிகழ்ந்த கலயம் அது. சாம்பலிட்டுத் துலக்கி, வெந்நீர் விட்டுக் கழுவி, குளிரட்டும் என்று மாலையிலேயே அதில் ஊற்றி மூடிவைத்தாள். தண்ணீர்ப் பானையைத் துலக்கப் பழகிய கைகள் அவை. பல தலைமுறை கள்ளை உறிஞ்சிய மண் தன் துளைகளில் எதை ஒளித்து வைத்திருக்கும் என்று அவற்றுக்கு யார் சொல்லியிருப்பார்?

மணமகன் வீட்டு வண்டிகளின் மணியோசை பெருவழியில் கேட்டபோது, அவள் பின்கட்டில் கலயத்தின் மூடியைத் திறந்தாள். உள்ளே வெண்ணுரை விளிம்புவரை பொங்கி நின்றது. அடக்க முடியாத சிரிப்பைப்போல் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து வெடித்தன. எந்த நெடியைத் தன் கணவனின் மூச்சில் ஒவ்வோர் இரவும் அறிந்திருந்தாளோ, அதே நெடி அவள் முகத்தில் வந்து மோதியது.

வந்தவர்கள் பந்தலில் அமர்ந்தார்கள். வரிசைத் தட்டுகள் நடுக்கூடத்தில் வரிசையாய் வைக்கப்பட்டன. கால் கழுவ நீர் தேடிப் பின்கட்டுக்கு வந்தாள் மணமகனின் தாய் ரங்கம்மா; உடல் பருத்தவள், கண்களில் எப்போதும் ஒரு குறும்பு ஒளிந்திருப்பவள். அவள் மூக்கு முதலில் வந்தது. கால்கள் பிறகு வந்தன.

“என்னம்மா இது, கள்ளுக் கூடாதுங்கற ஊருல கள்ளு பொங்குது?”

“கள்ளு இல்லீங்கம்மா. விளாம்பழமும் நன்னாரியும். நேத்து சாயங்காலமே ஊத்தி வெச்சேன். பானை கெடுத்துடுச்சு.”

ரங்கம்மா சுண்டுவிரலை நனைத்து நாவில் வைத்தாள். “கெடுக்கலியே. நல்லாத்தான் ஏறியிருக்குது. எங்கண்ணன் பாத்தா பானையோட கட்டிப் புடிச்சுக்குவான். பேசாம இதையே கொண்டுபோ. உம்மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவள் சொன்னது உண்மையே. அந்தக் கலயத்தை அப்படியே எடுத்துச் சென்றால் வெங்கடசாமி மகிழ்வார், வழக்கம் நிறைவேறும், செல்லி வாழ்வாள், பழி பானையோடு போகும். முனிலட்சுமி கலயத்தைத் தூக்கினாள். தூக்கியவள் பந்தல் பக்கம் திரும்பவில்லை. சாம்பற்குழியின் ஓரம் சென்று, ஒரு துளியும் மிஞ்சாமல் கவிழ்த்தாள்.

“அவரும் குடிக்கணுமேங்க,” என்றாள், ஊற்றி முடித்தபின்.

“யாரு, உன் வூட்டுக்காரனா?”

முனிலட்சுமி தலையை மட்டும் அசைத்தாள். ரங்கம்மாவின் கண்ணிலிருந்த குறும்பு சற்று நேரம் எங்கோ போய், பின் மெல்லத் திரும்பியது. “அதுவும் சரிதான். எங்கண்ணன் போன கல்யாணத்துல குடிச்சுட்டு, பொண்ணோட அப்பனையே மாப்பிள்ளைன்னு நெனச்சு மாலையப் போட்டுட்டான். இன்னைக்கு உங்க மாமனாராவது தப்பிக்கட்டும். இப்ப என்ன பண்ணப் போற?”

முனிலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். முந்திய இரவின் காற்றில் உதிர்ந்த பச்சை மாங்காய்கள் மூலையில் குவிந்திருந்தன. அடுப்பில் தணல் கனன்றது. வேலியோரம் திருநீற்றுப்பச்சை தழைத்து நின்றது. “புளிப்பு இருக்குது. வாசம் இருக்குது. இனிப்புதான் இல்ல. வெல்லமெல்லாம் அந்தக் குழியில போயிடுச்சு.” அண்டை வீட்டில் கேட்கலாம், ஆனால் வெல்லம் வந்து சேருமுன் செய்தி பந்தலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“தட்டுல திராட்சை இருக்குது,” என்றாள் ரங்கம்மா.

“அத நாங்க தொடக் கூடாதுங்களே.”

“நீ தொடக் கூடாது. நான் வெச்சத நான் எடுத்தா எவன் கேக்கறது?”

அதன்பின் அப்பின்கட்டில் நிகழ்ந்தது காணத்தக்க காட்சி. சொல்லில் திணறும் சிலர்க்குக் கையில் எல்லாச் சொல்லும் குடியிருக்கும், முனிலட்சுமி அத்தகையள். மாங்காய்களைத் தணலில் புதைத்து, தோல் கருகி உள்ளே சதை குழைந்து மூச்சுவிடும் பதம் பார்த்துத் திருப்பி, சூடாறுமுன் உரித்து, பொன்பச்சைச் சாற்றை வழித்தெடுத்தாள். இஞ்சியை நசுக்கிப் பிழிந்து, வெண்மண்டியை அடியில் தங்கவிட்டு, தெளிவை மட்டும் இறுத்தாள். ரங்கம்மா மடியில் ஏந்தி வந்த கருநீலக் கொடிமுந்திரிகளை வெண்துணியிலிட்டு, விதை நசுங்கிக் கசக்காதவாறு உள்ளங்கையால் மட்டுமே அழுத்திப் பிழிந்தாள். கிணற்றின் அடிநீரில் மூன்றையும் கலந்து நாவில் வைத்தபோது புளிப்பே முன்னின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரங்கம்மா ஒன்றும் கேளாமல் உள்ளே போய், தட்டிலிருந்த மிச்சக் கொத்துகளையும் எடுத்து வந்தாள். தட்டு இப்போது வெறுந்தட்டு. இனி மறைக்க வழியில்லை.

இரண்டாம் முறை பிழிந்த சாறு சேர்ந்ததும், நீர் அந்திவானத்தின் நிறங்கொண்டது. சிட்டிகை உப்பு இட்டாள். உப்பு விழுந்ததும் இனிமை விழித்துக்கொண்டது. திருநீற்றுப்பச்சையின் தளிர்களை அரைக்காமல், அறுக்காமல், இரு கைகளுக்கிடையே ஒருமுறை தட்டி, அதன் நறுமணம் வெளியே எட்டிப் பார்த்த அந்நொடியிலேயே மேலே மிதக்க விட்டாள். ஊற்றிவைக்கப் பழங்கலயத்தைத் தேடவில்லை. அவ்வேனிலுக்கென்று வாங்கி, நீரன்றி வேறொன்றும் அறியாத சிவந்த புதுப்பானையில் ஊற்றினாள்.

பந்தலில் வெங்கடசாமி மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். “சம்மந்தி, வெயில்ல நாக்கு செருப்புத் தோலாட்டம் ஆயிடுச்சு. கலயம் வருதா, இல்ல அதுக்கும் சர்க்கார் உத்தரவு வாங்கணுமா?”

அவையோர் சிரித்தனர். சிரிப்பு அடங்குமுன் முனிலட்சுமி பானையோடு வந்து நின்றாள். வெங்கடசாமியின் புருவம் உயர்ந்தது.

“இது அந்தக் கலயம் இல்லியே. உங்கப்பன் காலத்துக் கருப்புப் பானை எங்க சம்மந்தி?”

திம்மப்பன் மருமகளைப் பார்த்தார். பந்தற்காலருகே நின்ற கிருஷ்ணப்பனும் அவளைப் பார்த்தான். கூட்டம் முழுதும் பார்த்தது. நிலையின் பின்னே செல்லியின் வளையல் ஓசை நின்றுபோனதை அவள் கேட்டாள். அந்த ஓசையின்மையே அவளைப் பேசவைத்தது.

“அது பழைய நெனப்ப விடலைங்க. அதான் புதுசுல கொண்டாந்தேன்.”

கிருஷ்ணப்பன் தலை தாழ்ந்தான். வெங்கடசாமி பானையை வாங்கினார், முகர்ந்தார், ஐயத்தோடு ஒருவாய் பருகினார். அவர் கண்கள் மூடின. தொலைந்த பொருளைத் தேடுவதுபோல் அவர் நா வாய்க்குள் எதையோ தேடியது. கண் திறந்தபோது முகம் இறுகியிருந்தது.

“இது எங்க தோட்டத்துத் திராட்சை. கலயம் மாறறதுக்கு முந்தி தட்டத் தொட்டது யாரு?”

“நான்தான்,” என்றாள் நிலைவாயிலில் வந்து நின்ற ரங்கம்மா. “நான் வெச்சேன், நான் எடுத்தேன். இவங்க கை படல அண்ணா.”

“கலந்தது நானுங்க,” என்றாள் முனிலட்சுமி.

வெங்கடசாமி பானைக்குள் குனிந்து பார்த்தார். மறுபடி பருகினார், இம்முறை நெடிதாக. வறண்ட வயலில் வாய்க்கால்நீர் பரவுவதுபோல், இறுகிய முகத்தில் ஏதோ ஒன்று மேலிருந்து கீழாகப் பரவிற்று. “புளிப்பு? மாங்காயா?”

“எங்க மரத்துதுங்க. காத்துக்கு விழுந்தது.”

அவர் பானையை இரு கைகளாலும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். “எங்க வூட்டு இனிப்பு, உங்க வூட்டுப் புளிப்பு. கள்ளு எங்க வூட்டுதும் இல்ல, உங்க வூட்டுதும் இல்ல, கடைக்காரன் வூட்டுது. இத இனி எவனாவது பிரிச்சுக் காட்டட்டும், நான் எழுந்து போறேன்.” பானையைத் திம்மப்பன் கையில் தந்தார். “குடிங்க சம்மந்தி. பேச்சு முடிஞ்சுது.”

நிலையின் பின்னே வளையல்கள் மீண்டும் ஒலித்தன. பானை கைமாறிக் கைமாறிப் போயிற்று. கிருஷ்ணப்பன் முறை வந்தபோது, அவன் மனைவியை ஒருகணம் நோக்கிவிட்டு, அண்ணாந்து, ஒருவாய்க்குப் பதில் இருவாய் பருகினான்.

“ஏம்மா மருமகளே,” என்றார் வெங்கடசாமி, மீசையைத் துடைத்தவாறே, “இன்னும் ஒரு வாய் இருக்குமா? இதுக்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாமில்ல?”

கற்றறிந்த பெரியீர், அன்று மாலை வண்டிகள் எல்லைக்கல்லைக் கடந்து மறைந்து, பெருவழியின் புழுதியும் அடங்கியபின், முனிலட்சுமி பின்கட்டுக்கு வந்தாள். சாம்பற்குழியின் ஓரத்தில் கிருஷ்ணப்பன் அக்கரிய கலயத்தைக் கையில் ஏந்தி நின்றிருந்தான். அவன் அதை முகத்தருகே கொண்டுபோனதை அவள் கண்டாள். அவன் சற்று நேரம் அப்படியே நின்றான். பின்னர் வேலியோரம் நடந்து, உயர்ந்த வேலிக்கால் ஒன்றின் தலையில் அதைக் கவிழ்த்து, ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். நெடுநாள் ஊறியது ஒருநாள் துலக்கலில் போவதில்லை. ஆயினும் கவிழ்ந்த கலயத்தில் எதுவும் நிரம்புவதும் இல்லை. மறையும் ஞாயிறு அதன் கரிய முதுகில் சற்றே தங்கிச் சென்றது. கீழே, பகலில் கிள்ளப்பட்ட திருநீற்றுப்பச்சை, தளிரிழந்த கணுக்களிலிருந்து முன்னிலும் மிகுதியாய் மணத்துக்கொண்டிருந்தது.