குங்குமம் வைத்த மிதிகம்பி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சனிக்கிழமை தாராவியில், கரீம் பாட்சாவின் தோல் பட்டறைக்கு என் ஆபீஸ் பைக்கு வார் மாற்றப் போனபோது கண்ணால் பார்த்தேன். மாட்டுங்காவுக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள், சிவனாண்டி தன் காலைக் கண்டு பயந்தான்.' எடுப்பான வரிதான். ஆனால் நான் பார்த்த சிவனாண்டி பயந்தவனாகத் தெரியவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

சிவனாண்டி இரட்டை உருளை மிஷினில், உருளைகளுக்கு நடுவே தோலைக் கொடுத்து அழுத்தி எடுக்கிறவன். மூடிப்போன மில் ஒன்றின் ஏலத்தில் கரீம் பாய் வாங்கிய மிஷின் அது. உருளைகளுக்குக் கீழே, கணுக்கால் உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி. கை உள்ளே மாட்டினால் காலால் ஒரு மிதி போதும், கரண்ட் அறுந்து உருளை நின்றுவிடும். (மெயின் சுவிட்ச் கதவோரம், பத்தடி தள்ளி. உருளையில் மாட்டியவன் அதுவரை நடந்துபோக முடியாது.)

பூஜையன்று அவன் மனைவி ஆவுடையம்மாள் மிஷினுக்குப் பொட்டு வைக்க வந்தாள். எங்கே வைத்தாலும் கிரீஸில் வழுக்கியது. அதுவரை மிதிக்க வேண்டிவராததால் அந்தக் கம்பி மட்டும் சுத்தமாக இருந்தது. அதில் மூன்று பொட்டு வைத்தாள். பாய் தன் செலவில் பொரி கடலை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து சிவனாண்டி ஓரடி தள்ளி நின்று, எட்டித் தோல் கொடுக்கிறான். தவறிப்போய்க் கால் கம்பியில் உரசினால், உடனே குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். உருளை ஓடிக்கொண்டிருக்கும்போதே. தலைக்கும் உருளைக்கும் ஒரு சாண்தான், தோளில் துண்டு வேறு தொங்குகிறது. நான் பார்த்தது இதைத்தான்.

3

(இந்தப் பகுதி பாய் சொல்லக் கேட்டது. சிவனாண்டியின் மனசு மட்டும் என் கைச்சரக்கு.)

"சிவனாண்டி, மிஷினை பந்த் பண்ணிட்டு அந்தப் பொட்டைத் தொடச்சிரு" என்றார் பாய்.

"எம் பொண்டாட்டி வச்சது பாய். நான் தொடைக்க மாட்டேன். நீங்க மொதலாளி, நீங்களே தொடச்சிருங்க."

"நான் கைய வச்சா என்ன பேசுவானுவன்னு ஒனக்குத் தெரியாதா? பாய் குங்குமத்தை அழிச்சுட்டாருன்னுல்லா சொல்லுவானுவ."

அது சிவனாண்டிக்கும் தெரியும். நல்ல மனுசனை வம்பில் மாட்டிவிட அவனுக்கு இஷ்டமில்லை. மத்தியானம் சோறு கொண்டுவந்த ஆவுடையம்மாளிடம் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"குங்குமத்தை என் கையால அழிக்கச் சொல்லுதியளா? நீங்க கல்லுமாதிரி நிக்கையில?"

காப்பாற்றத்தான் வைத்தாள், காப்பாற்றத்தான் அழிக்க மறுக்கிறாள். அவளை என்னவென்று திட்டுவது? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

4

கதைக்கு எழுதிப்பார்த்த முடிவுகள்.

அ. பாய் துடைக்கிறார், யாரும் ஒன்றும் பேசவில்லை. (தாராவியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.)

ஆ. குங்குமம் தானாக உதிர்ந்துவிடுகிறது. (எண்ணெயில் குழைத்து வைத்தது. எளிதில் போகாது.)

இ. துண்டின் முனை உருளைக்குள் போயிற்று. பின்னாலேயே அவன் வலது கை. சிவனாண்டி காலைத் தூக்கினான், தூக்கிய காலை

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஆனால் நேற்று முழுக்க, அவனுக்குப் போவது இரண்டு விரலா, மணிக்கட்டு வரைக்குமா என்று எனக்குள்ளேயே பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு என்றால் கதை கனமாக இருக்கும் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை அங்கே நின்றபோதே, "குனியாதேப்பா, முதலில் மிஷினை நிறுத்து" என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் கதை கெட்டுவிடும் என்று நான் திறக்கவில்லை.

5

இன்று திங்கட்கிழமை. மணி எட்டே முக்கால். ஒன்பதுக்குப் பட்டறையில் மிஷினைப் போடுவார்கள். இங்கிருந்து நடந்தால் இருபது நிமிஷம், ஓடினால் குறையும். ஓடி எனக்குப் பழக்கமில்லை.

யார் துடைத்தாலும் வம்பு என்றால் நான் துடைக்கிறேன். எனக்கு அந்தப் பட்டறையில் சொந்தமும் இல்லை, பாத்தியதையும் இல்லை. ஆவுடையம்மாள் என்னைச் சபிக்கட்டும்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், திரும்பி வந்து இந்தத் தாள்களைக் கிழித்துவிடுவேன். அவன் கை பிழைத்த பிறகு இந்தக் கதை யாருக்கு வேண்டும்? ஆக, நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால், ஒன்று நான் பிந்திவிட்டேன். அல்லது எல்லாம் நல்லபடியாக முடிந்தும், நன்றாக வந்த பக்கங்களாயிற்றே என்று கிழிக்க மனசு வராமல் வைத்துக்கொண்டேன்.

நான் அப்படிப்பட்ட அற்பன்தான். தயவுசெய்து அதை நம்புங்கள்.