கரண்டியில் ருசிக்காத சாஸ்

புளிப்பக்கா இறாலைத் தின்னவே மாட்டாள். தின்றால் உதடு வீங்கி, தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஒரே ஒரு முறை தின்று, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அப்படிப்பட்டவள் கையுறை மாட்டிக்கொண்டு, ஒன்பது வருஷமாக ஒரு உணவகச் சமையலறையின் சாலட் மேசையில் நின்று இறால், கணவாய், நண்டு சாலட்டுகளுக்குச் சாஸ் கலந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டவர்கள் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

விஷயத்தைப் போட்டு உடைத்தது அவளுடைய நாத்தனார். அவளுக்கும் அங்கேதான் பரிமாறும் வேலை. அண்ணியின் பெருமையைப் பேசாவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும். வந்து பத்து நாள்கூட ஆகாத மேனேஜரிடம் போய், "எங்க அண்ணிக்கு இறாலே ஆகாது சார், ஆனா சாஸ் எப்படி இருக்கு பாத்தீங்களா!" என்று அளந்துவிட்டாள்.

மேனேஜர் நேரே சாலட் மேசைக்கு வந்தார். கரண்டியால் சாஸை அள்ளி வாயில் விட்டார். முகம் அஷ்டகோணலானது.

"என்னம்மா இது, ஒரே புளிப்பு, ஒரே உப்பு! ருசி பாக்காம செஞ்சா இப்படித்தான்."

"வெள்ளரித் துண்டுல தொட்டுப் பாத்துட்டுத்தான் சார் அனுப்புறேன். வெறும் சாஸை யாரு குடிக்கிறா? இறாலும் தண்ணி விடும், வெள்ளரியும் தண்ணி விடும். மேசைக்குப் போறதுக்குள்ள பாதி ருசி அதுலயே கரைஞ்சிடும்."

"இறால் தின்னாதவங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க. ஒண்ணு, இப்ப என் முன்னாடி ஒரு இறால் தின்னுங்க. இல்லன்னா நாளையிலேருந்து கீழ போய் உருளைக்கிழங்கு தோல் சீவுங்க."

கீழே என்றால் ஜன்னல் இல்லாத அறை. அக்காவுக்கு நெஞ்சு பதறியது. பதற்றத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ருசி நாக்கில் மட்டும்தான் இருக்கிறது என்று இந்த ஆளுக்கு யார் சொன்னது? எந்தத் தட்டில் இறால் மிஞ்சுகிறது, எதில் சாலட் இலை மிஞ்சுகிறது, எதன் அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்துப் பார்த்து, எலுமிச்சையையும் பூண்டையும் கடுகு விழுதையும் கூட்டிக் குறைத்து அவள் பிடித்த பக்குவம் அது.

"தின்ன மாட்டேன் சார். வேலைக்காக உயிரையா விடுவாங்க? கீழயும் போக மாட்டேன். இன்னிக்கு மத்தியானம் நீங்களே உங்க நாக்குக்குப் புடிச்ச மாதிரி கலந்து அனுப்புங்க. தட்டு திரும்பி வரட்டும், அப்புறம் பேசலாம்."

மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எண்ணெயைக் கூட்டினார், எலுமிச்சையைக் குறைத்தார், தேன் விட்டார். கரண்டியில் எடுத்துச் சப்புக்கொட்டினார். நிஜத்தைச் சொன்னால், கரண்டியில் அது அமிர்தம்தான். இறால் வேகவைக்கும் அடுப்பு மாஸ்டர்கூட ருசி பார்த்துத் தலையாட்டினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

தட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. பாதி இறால் அப்படியே கிடந்தது, அடியில் வெளிறிய தண்ணீர். ஒரு மேசையில் உப்புக் கேட்டார்கள், இன்னொன்றில் எலுமிச்சை கேட்டார்கள். மூன்றாவது மேசைக்காரர், "இது என்ன, பத்தியச் சாப்பாடா?" என்று கேட்டாராம். நாத்தனார் அதை மட்டும் சமையலறைக்கே கேட்கும்படி சொன்னாள்.

அக்கா எதையும் கழுவப் போட விடவில்லை. திரும்பி வந்த ஏழு தட்டுகளையும் தூக்கிப்போய் மேனேஜரின் மேசையில் வரிசையாக வைத்தாள். பிறகு அவர் கலந்ததில் பாத்திரத்தில் மிச்சமிருந்த சாலட்டை ஒரு புதுத் தட்டில் போட்டு, முள்கரண்டியோடு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க சார். எனக்குத்தான் இறால் ஆகாது. உங்களுக்கு ஆகுமே."

அவர் ஒரு இறாலைக் குத்தி வாயில் போட்டார். மென்றார். இரண்டாவதுக்குக் கை போகவில்லை.

அக்கா அந்தத் தட்டையும் எடுத்து மற்ற ஏழோடு சேர்த்து வைத்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், சாலட் மேசைக்குப் போய்ப் புதுசாக எலுமிச்சை பிழிய ஆரம்பித்தாள்.