முழங்கை வரை ஓர் எழுத்து

இன்கர் தேர்ந்தெடுத்தது எந்தச் சொல்லுக்கும் முதலில் நிற்காத ஓர் எழுத்து. கசாக் மொழியின் 'ங்'. ஆங்கில H போல இருக்கும் அந்த மொழியின் 'ன்' எழுத்தின் வலது காலில் சின்னதாக ஒரு வால் முளைத்தால் அதுதான். எழுத்து ஒன்றைத் தாளிலிருந்து எழுப்பி, தொட்டும் முகர்ந்தும் கேட்டும் படிக்கும்படி செய்ய வேண்டும் என்பது அந்தப் பருவத்தில் மூன்றாம் ஆண்டு வடிவமைப்பு மாணவர்களுக்குக் கொடுத்திருந்த வேலை. மற்றவர்கள் வளைவும் சுழிவுமான எழுத்துகளை அள்ளிக்கொண்டு போனார்கள். இன்கர் இதை எடுத்ததற்கு வீம்புதான் காரணம். அவள் வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. அந்த ஒலி அவள் வாயில் ஒருநாளும் சரியாக விழுந்ததில்லை.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தோக்ஜான், கிஸிலோர்தா ஊர்க்காரி; கசாக் பேசியே வளர்ந்தவள். நல்ல குளிரில் இன்கர் உள்ளே நுழைந்து, "வெளிய எங்க பாத்தாலும் தோன்" என்று சொல்லப்போக, தோக்ஜான் கட்டிலில் புரண்டு சிரித்தாள். தோங் என்றால் உறைந்து இறுகிய மண். தோன் என்றால் ஆட்டுத்தோல் கோட்டு.

"தெரு பூரா கோட்டு விரிச்சு வெச்சிருக்காங்களாடீ? எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வர்றதுதானே!"

மறுநாளே இன்கர் பலகை அறுக்கத் தொடங்கினாள்.

முதலில் செய்த எழுத்து அவள் மார்பளவு உயரம் இருந்தது. ஒட்டுப்பலகையில் கூடு, அதன்மேல் ஆட்டு ரோமத்தை நனைத்து அழுத்திப் போர்த்தியிருந்தாள். உள்ளே ஓர் ஒலிபெருக்கி. எழுத்தைக் கட்டிக்கொண்டால் 'ங்ங்ங்' என்ற ரீங்காரம் நெஞ்சில் அதிரும். ஈர ரோமத்தின் வாடை மூக்கில் ஏறும். ரோமத்தை அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின்மேல் உலரப் போட்டதற்கு விடுதிக் காப்பாளர் அம்மாள், "இது விடுதியா, ஆட்டுப்பட்டியா?" என்று மாடி முழுக்கக் கேட்கக் கத்தினார். பாட ஆசிரியை ரபிகாவுக்கோ பிடித்துப்போயிற்று. அவரே ஒருமுறை கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"இன்னும் நாலு பேர் கையில குடுத்துப் பாரு. அப்புறம் தேர்வுக்குழு முன்னாடி வெச்சிரலாம்" என்றார்.

அந்த நாலு பேரில் ஒருத்தி தில்னாஸ். அச்சு வடிவமைப்புப் பிரிவில் படிப்பவள்; பிறவியிலேயே காது கேளாதவள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்சம் தட்டையான குரலில், ஆனால் தயங்காமல் பேசுவாள்.

அவள் எழுத்தைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். "நல்லாருக்கு. போன் அதிர்ற மாதிரி."

"என்ன எழுத்துன்னு தெரியுதா?"

"வாலைப் பாத்தா தெரியுது. இப்ப இதுலயே 'ன்' போடு."

இன்கர் போட்டாள்.

"அதேதான். 'ம்' போடு." அதையும் கட்டிப் பார்த்தாள். "அதுவும் அதேதான். சின்னப் பிள்ளையில என்னைப் பேச்சுப் பயிற்சிக்கு இழுத்துட்டுப் போவாங்க. மூக்குல கை வை, தொண்டையில கை வைன்னு ஒரே பாட்டு. 'ன்'னும் அதிரும், 'ங்'கும் அதிரும். எனக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்? நீ அதையே பெருசாப் பண்ணி, மேல கம்பளி போத்தி வெச்சிருக்கே."

இன்கருக்கு முகம் சிவந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உனக்காக ஒண்ணும் செய்யல" என்றாள்.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலே தெரியுது, நல்லதாச் சொல்லலைன்னு" என்று சொல்லிவிட்டு தில்னாஸ் கிளம்பிப் போனாள்.

சில நாள் இன்கர் அந்த எழுத்தின் பக்கமே போகவில்லை. போட்டு உடைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு ஒரு மதியம் சிற்றுண்டிச்சாலையில் தில்னாஸ் தனியாக, இறைச்சி வைத்துச் சுட்ட சம்சாவைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அவளுக்கு நேரெதிரே போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. சரி, வித்தியாசம் எங்கதான் இருக்கு?"

"என்னைக் கேக்குறே! காது உனக்குத்தானே இருக்கு?"

இன்கர் அங்கேயே மெல்ல 'ன்' என்றாள், 'ங்' என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு நாக்கின் நுனி பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டியது. மற்றதற்கு நுனி சும்மா கிடக்க, அடிநாக்கு எழும்பித் தொண்டைப் பக்கம் அடைத்தது.

"எங்க அடைக்குதுங்கிறதுதான்" என்றாள். "ஒண்ணு வாசல்ல. இன்னொண்ணு கொல்லையில."

"அதை எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றாள் தில்னாஸ். சம்சாவைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

இன்கர் ஒலிபெருக்கியைக் கழற்றி எறிந்தாள். எழுத்தின் கால்களைக் குடைந்து, கை நுழையும்படி இரண்டு வழிகள் செய்தாள். இடது வழியில் மணிக்கட்டு நுழைந்ததுமே விரல்கள் ஆட்டுத்தோலில் முட்டும், தோன். வால் முளைத்த வலது வழி நீண்டு, வளைந்து, முழங்கை வரை போகும். அதன் முடிவில் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே குளிர்ந்த மண், தோங். கையை வெளியே எடுத்த பிறகும் விரலில் மண்வாசம் இருக்கும்.

ரபிகா உதட்டைப் பிதுக்கினார். "முன்ன செஞ்சது எவ்வளவு லட்சணமா இருந்துச்சு! இது சாக்கடைக் குழாய் மாதிரி இருக்கேம்மா."

"ஆமா அபாய்" என்றாள் இன்கர்; ஆசிரியைகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆனா இதுதான் சரி."

தேர்வன்று துறைத்தலைவர் உற்சாகமாக வலது வழியில் கையை விட்டார். முழங்கை வரை போனது. திரும்பி வரவில்லை. சட்டைக் கைப்பொத்தான் வழியின் உட்புறம் போர்த்தியிருந்த ரோமத்தில் மாட்டிக்கொண்டது. ஒருவர் எழுத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அவரைப் பிடித்து இழுத்தார். குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று அவர் முனகினார். கடைசியில் இன்கர் கத்தரிக்கோலை உள்ளே விட்டுப் பொத்தானை வெட்டினாள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. எழுத்தின் புறவடிவம் தெளிவாக இல்லை என்று குறிப்பும் எழுதினார்கள். இன்கருக்கு அதில் வருத்தம் இருந்தது, அதிகம் இல்லை.

அன்று மாலை, இன்கர் எழுத்தைக் கொண்டுவந்து வைத்திருந்த விடுதி அறைக்கு தில்னாஸ் வந்தாள். வலது வழியில் கையை விட்டு, அந்த மண்ணைத் தொட்டபடியே, "தோங்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"சரியா?" என்று இன்கரைக் கேட்டாள்.

"தெரியல. நான் சொல்றதே சரியான்னு எனக்குத் தெரியாது."

தோக்ஜான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு தில்னாஸ் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேரும் தப்பு. நீ மூக்காலயே சொல்றே. இவ பாதி வழியிலயே நிறுத்திடுறா."

"எங்க நிறுத்தணும்? காட்டு" என்று தில்னாஸ் கைபேசி விளக்கைப் போட்டாள்.

தோக்ஜான் முக்காலியில் உட்கார்ந்து வாயை அகலத் திறந்தாள். இருவரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள்.

"சீக்கிரம் பாத்துத் தொலைங்கடீ" என்றாள் அவள், வாயை மூடாமலே. "தாடை வலிக்குது."