உல்மா சந்தையில் வாங்கிய ஜாக்கி

அம்மாருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் கை நீளும். அந்த வியாழக்கிழமை உல்மா சந்தையில், மெஸ்ஊதின் கருவிக்கடை முன்னால் நின்றபோதே அவன் காது சிவந்துதான் இருந்தது.

எல்லாம் அப்பா விட்டுப்போன வெள்ளைக் காரால் வந்தது. தம்பி லமீன் அதில்தான் பக்கத்து நகரமான செத்தீஃபுக்கு ஆள் ஏற்றி ஓட்டிப் பிழைத்தான். வருடாந்திரச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ‘பால் ஜாயின்ட்’ என்ற இரும்பு மூட்டு ஆடுகிறது, மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக் கேட்ட கூலியில் ஓர் ஆட்டை வாங்கிவிடலாம். அந்தக் காசுக்குக் கருவிகளை வாங்கிப்போட்டால் வருடா வருடம் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவன் அம்மார்.

ஜாக்கி, ஸ்பானர் பெட்டி, டயர் தேய்மானம் பார்க்கும் சின்ன அளவுகோல், ஒரு கைவிளக்கு. எல்லாவற்றிலும் மலிவானதையே அவன் எடுத்து வைத்தான். மெஸ்ஊத் ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"ஜாக்கி தூக்குறதுக்குத்தான் தம்பி. தாங்குறதுக்கு இல்ல. அடியில படுக்கப் போறீங்கன்னா இதையும் எடுத்துக்குங்க."

"கடையில விக்காம கெடக்குறதையெல்லாம் என் தலையில கட்டப் பாக்குறீரா?"

லமீன் ஒரு ஸ்டாண்டைக் கையில் எடுத்தான். "அண்ணே, அடியில படுக்கப் போறது நான்."

அம்மார் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி மேசைமேல் எறிந்தான். நட்டுப் பெட்டி ஒன்று கவிழ்ந்து, நட்டுகள் தெருவரைக்கும் உருண்டன. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெஸ்ஊத் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து, அம்மா ஆக்கிய குஸ்குஸைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார்கள். அம்மார் ஜாக்கியின் இரும்புப் பிடியை மேலும் கீழும் அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கினான். லமீன் சக்கரத்தைக் கழற்றி, கதவுக்கு அடியில் படுக்கை வசமாகத் தள்ளி வைத்தான்.

"ஸ்டாண்ட் இல்லாத குறைக்கு இதாவது கெடக்கட்டும்."

லமீன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். ஜாயின்ட்டின் நட்டு துருவேறி இறுகியிருந்தது. புது ஸ்பானரை மாட்டி இழுத்தான். ஸ்பானரின் வாய் விரிந்து வழுக்கியது. அவன் கை இரும்பில் மோதி விரல்முட்டித் தோல் உரிந்தது. இன்னொரு தடவை இழுத்தான். அதே கதை. நட்டின் மூலைகள் மழுங்கிப்போயின.

"இது ஸ்பானரா, வெண்ணெயா? எல்லாத்துலயும் உனக்கு மலிவுதான் வேணும்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

"வாய மூடுன்னா மூடுறதுக்கு நான் என்ன வஹீபா அண்ணியா?" காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அவங்களும்தான் மூடிட்டுக் கெடந்தாங்க. கடைசியில பல்லு ஒடைஞ்சப்புறம் அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. இந்தத் தெருவுக்கே தெரியும். உனக்குப் பேச்சு வராது. கைதான் வரும்."

அம்மார் உதைத்தான். காரை உதைப்பதாகத்தான் நினைத்தான். கால் பட்டது ஜாக்கியில்.

ஜாக்கி பக்கவாட்டில் சாய்ந்து தரையில் கிறீச்சிட்டது. கார் ஒரே மூச்சில் இறங்கியது. அடியில் கிடந்த சக்கரம் நசுங்காமல் தாங்கிக்கொண்டதால் லமீனின் நெஞ்சு தப்பியது. நீட்டியிருந்த வலது கை தப்பவில்லை. லமீன் அலறினான். அடுப்படியில் அம்மா கையிலிருந்த பாத்திரம் விழுந்து உடைந்தது. அம்மார் சக்கரம் இருந்த வளைவில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினான். தகரம் உள்ளங்கையைக் கிழித்தது, கார் அசையவில்லை. தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்து, ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து தூக்கிய பிறகுதான் லமீனை வெளியே இழுக்க முடிந்தது. முழங்கைக்குக் கீழே இருந்ததைக் கை என்று சொல்ல முடியாது.

செத்தீஃப் ஆஸ்பத்திரியில் அன்று மாலையே அதை எடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டுப் பெரியப்பா மகன் ஃபாதெஹ் வந்தான். ஆட்டு வியாபாரி, அகலமான ஆள், சண்டை என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறவன். அம்மாரை நடைவழியின் ஓரத்துக்கு இழுத்துப்போனான்.

"எப்படிடா ஆச்சு?"

"ஜாக்கி சறுக்கிடுச்சு அண்ணே."

அந்த வார்த்தை தானாகவே வந்து விழுந்தது. விழுந்த பிறகு எடுக்க முடியவில்லை.

"எவன்கிட்ட வாங்குனீங்க?"

அம்மார் கடையைச் சொன்னான். ஃபாதெஹ் போய்ச் சத்தம் போடுவான், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை கடைகள் திறந்த கையோடு ஃபாதெஹ் சந்தைக்குப் போனான். கையில் அந்த ஜாக்கியின் இரும்புப் பிடி. அம்மாரையும் கூட்டிக்கொண்டான். மெஸ்ஊத் அப்போதுதான் ஸ்பானர்களை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இது நீ வித்ததுதானே?"

மெஸ்ஊத் பிடியைப் பார்த்தார், அம்மாரைப் பார்த்தார். "ஆமா. என்னாச்சு?"

முதல் அடி தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு முறிந்தது அம்மாருக்கே கேட்டது. மெஸ்ஊத் தொங்கிய ஸ்பானர்களைப் பிடித்துக்கொண்டே கீழே விழுந்தார். அவையெல்லாம் அவர்மேலேயே கொட்டின. ஃபாதெஹ் அவர் விலாவில் மிதித்தான். குனிந்து சட்டையைப் பிடித்துத் தூக்கி, முகத்தை மேசை விளிம்பில் மோதினான். காதோரம் பிளந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது.

"என் தம்பி கைய எடுத்துட்டாங்கடா. காயலான் இரும்புக்குச் சாயம் அடிச்சு விக்கிறியா?"

மெஸ்ஊத் அம்மாரை நோக்கித்தான் பேசினார். "நான் சொன்னேனே தம்பி. ஸ்டாண்ட எடுத்துக்கன்னு சொன்னேன்ல? நீயே சொல்லு, சொல்லலியா?"

அம்மார் வாய் திறக்கவில்லை. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கை போன கதையைக் கேட்டதும் எவனும் தடுக்க வரவில்லை. ஒருவன் "நல்லா வேணும்" என்றுகூடச் சொன்னான். ஃபாதெஹ் பிடியை இரண்டு கையாலும் ஓங்கினான். இந்த முறை மண்டைக்கு.

அம்மார் பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தான்.

"விடுங்கண்ணே. ஜாக்கி சறுக்கல."

"தள்ளுடா."

"சறுக்கல. நான் ஒதைச்சேன். அவன் அடியில கெடக்கும்போது நான்தான் ஒதைச்சேன்."

ஃபாதெஹ் அவனைக் கொஞ்ச நேரம் வெறித்தான். புரிவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. புரிந்ததும், மெஸ்ஊதை மறந்தான். பிடியின் முனை அம்மாரின் தாடையில் பட்டது. வாய்க்குள் பற்கள் கழன்று நாக்கில் கிடந்தன. பழக்கத்தில் அம்மாரின் வலது கை முஷ்டியாகி எழுந்தது. எழுந்த கையை அவனே இறக்கினான். அப்புறம் வந்த அடிகளை அவன் தடுக்கவில்லை. போலீஸ் வந்து நாலு பேராக ஃபாதெஹைப் பிடித்து இழுக்கும்போது, அம்மார் ஸ்பானர்களின் நடுவே குப்புறக் கிடந்தான். இரண்டடி தள்ளி மெஸ்ஊத், முறிந்த தோளைப் பிடித்தபடி, யார் தண்ணீர் கொடுத்தும் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஃபாதெஹைக் காவலில் வைத்தார்கள். மெஸ்ஊதின் மகள் வந்து, ஃபாதெஹ், அம்மார் இரண்டு பேர் மீதும் புகார் கொடுத்தாள். அம்மாரைத் தாடையில் தையல் போட, லமீன் இருந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தையல் முடிந்ததும், உடன் வந்த காவலர் தம்பியைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி வெளியே நின்றார்.

லமீன் விழித்துத்தான் இருந்தான். கட்டுப்போட்ட மிச்சக் கை தலையணைமேல் கிடந்தது. அண்ணனின் முகத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"போலீஸ் வந்து கேட்டாங்க. சறுக்கிடுச்சுன்னுதான் சொன்னேன்."

"ஏன்டா?" தையலுக்குள்ளிருந்து அம்மாரின் சொல் குழறி வந்தது.

"அம்மா பக்கத்துல நின்னுச்சு. அதனால." லமீன் கொஞ்சம் நிமிர்ந்தான். "இப்ப சொல்லு. தெரிஞ்சுதான் ஒதைச்சியா?"

"காரத்தான் ஒதைச்சேன். ஜாக்கியப் பாக்கல."

"நான் அடியில கெடந்தது தெரியும்ல?"

"தெரியும்."

லமீன் இடது கையால் அறைந்தான். பழக்கமில்லாத கை, ஆனாலும் அம்மாரின் தையல் தெறித்தது. அறைந்த கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து ஊசி பிய்ந்து, போர்வையில் ரத்தம் சொட்டியது. அம்மார் நகரவில்லை.

"கிட்ட வா."

கிட்ட போனான். லமீன் மறுபடியும் அறைந்தான். பிறகு மூச்சு வாங்கிச் சாய்ந்தான்.

"போ. நான் வீட்டுக்கு வரும்போது நீ அங்க இருக்கக் கூடாது."

வெளியே நடைவழியில் அம்மா, துணியில் கட்டிய சூப்புப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். மகனின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாருப்பா அடிச்சது?"

"ஃபாதெஹ் அண்ணன். இப்ப லமீன்."

"லமீனா? எதுக்கு?"

காவலர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அம்மார் சொன்னான். உடைந்த வாயால் சொல்ல நேரம் பிடித்தது. ஸ்டாண்டைப் பிடுங்கி எறிந்ததையும் சொன்னான், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னான். அவன் முடித்ததும், அம்மா பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். லமீனின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மார் இரண்டு கைகளையும் காவலர் முன் நீட்டினான். அவர் விலங்கு எதுவும் எடுக்கவில்லை. "நட" என்று மட்டும் சொன்னார்.