ஓபோவும் பியானோவும், இரண்டு ஓலையும்

"அங்க நில்லுன்னா நிக்க மாட்டியா நீ?"

"நான் எதுக்கு நிக்கணும்? பேப்பர்ல எங்க எழுதிக்கீது நில்லுன்னு? நீதான் நொண்டியடிச்சிக்கினு வர்ற!"

ராஜா அண்ணாமலைபுரத்து இரண்டாம் மாடியில் ரெனிட்டாவும் ஆண்ட்ரூவும் காலை பத்து மணியிலிருந்து இப்படித்தான். அவள் கையில் ஓபோ. நாயனத்துக்குத் தூரத்துச் சொந்தம், சீவாளி வைத்து ஊதுவது. அவன் பியானோவில். இரண்டுக்கும் சேர்த்து எழுதிய சொனாட்டா ஒன்று, அதன் நடுவில் மெதுவாகப் போகும் பகுதியில்தான் தகராறு. கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் வேறு. மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் மே மாதம் கல்யாணம்.

மேல்மாடி ராஜகோபாலன் மாமா எட்டிப் பார்த்தார். "முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கோன்னோ, அதுக்குள்ள என்னத்துக்கு நாயனம்?"

"ரிசப்ஷன்ல வீடியோ போடணும் மாமா!" என்றாள் ரெனிட்டாவின் அம்மா ஆலிஸ் டீச்சர்.

மாப்பிள்ளைக்கும் இதே பொய்தான். உண்மையில் வீடியோ ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரிக்கு. இரண்டு வருடப் படிப்பு. அனுப்பக் கடைசி நாள் இன்று. கல்யாணம் ஆகட்டும், இடமும் கிடைக்கட்டும், பிறகு மெல்லச் சொல்லலாம் என்பது தாயும் மகளும் போட்ட திட்டம்.

கல்லூரிக்காரர்கள் விவரமானவர்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டுமாம். பெயரையும் சேர விரும்பும் படிப்பையும் சொல்லிவிட்டு அப்படியே வாசிக்க வேண்டுமாம். ஆண்ட்ரூ காதுபட அதைச் சொல்லும் தைரியம் வராமல்தான் ரெனிட்டா நான்கு சீவாளி மாற்றினாள், ஃபேனை அணைத்தாள், போட்டாள், ஜன்னலுக்கும் பியானோவுக்கும் நடந்தாள், ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடித்தாள்.

ஒன்றுமில்லாதது என்றும் தள்ளிவிட முடியாது. ஓபோக்காரர்கள் காற்று தீர்ந்து திணறுவதைவிட மிஞ்சித் திணறுவதுதான் அதிகம். உள்ளே தேங்கியதை வெளியே விட்டால்தான் புதிதாக இழுக்க முடியும். அதற்கு அரை நொடி வேண்டும். பூசையில் வேகமாக வாசித்துப் பாடகர் குழுவையே இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆண்ட்ரூவுக்கோ, அந்த அரை நொடி மானப் பிரச்சினை.

நாலு மணிக்கு வேறு வழியில்லை. ஃபோனை நிறுத்தி, பட்டனை அழுத்தி, பெயரைச் சொன்னாள். படிப்பைச் சொன்னாள். அக்டோபரிலிருந்து இரண்டு வருடம் என்றாள். ஆண்ட்ரூ பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அவன் எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தாள். பிறகு ஆரம்பித்தான். நடுப்பகுதியில் அவள் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் நின்றான், அவளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அப்படி அவள் அதுவரை வாசித்ததே இல்லை.

"நல்லா வந்திச்சி, அனுப்பு" என்றான். "தாலி கட்னப்புறம் சொல்லலாம்னு இருந்தியா?"

"இடம் கெடச்சா சொல்லலாம்னு..."

"இன்னா ஆன்ட்டி, உங்களுக்கும் தெரியுமா?"

ஆலிஸ் டீச்சர் காபி போட உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்தான் வந்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு தலைகள் திரும்பின. தடை சொன்னது எந்தப் படுபாவி என்று துருவினால், ஆண்ட்ரூவேதான்! "பாட்டுல நிப்பேன் ஃபாதர், ரெண்டு வருஷம் நிக்க என்னால ஆவாது" என்றானாம்.

இடம் கிடைத்து ரெனிட்டா அக்டோபரில் கிளம்பினாள். ஆண்ட்ரூ அடுத்த பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குமுன், ஷெர்லின் என்ற பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு அடையாறுக்குக் குடிபோனான். ஆலிஸ் டீச்சர் வேலூரில் தங்கை வீட்டோடு. ரெனிட்டாவுக்கு அங்கே செல்லோ வாசிக்கிற யாரோ ஒருவர் பழக்கம் என்கிறார்கள். விசாரித்தவரையில் கல்யாணம் ஆகவில்லை.