பூஜையில் இருந்த புல்லர்

மண்ணெண்ணெய்ச் சட்டியின் அடியில் அந்த அரைவட்ட இரும்புத் துண்டைப் பார்த்ததும் ஸ்ரீநாத் தலையில் அடித்துக்கொண்டான். எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் மேக்னட் சக்கரம் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் கீ அது. அதைப் போடாமலேயே மேக்னட்டை ஏற்றி, நட்டை மூச்சைப் பிடித்து இறுக்கி, எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கிறான். அப்புறம் உதைத்தால் வண்டி எப்படிக் கிளம்பும்? கிக்கர்தான் திருப்பி எகிறி முழங்காலைப் பதம் பார்த்தது.

எல்லாம் சந்தானம் மாமா செய்த வேலை. அம்மா பத்மாசினியின் கூடப்பிறந்த தம்பி. கோச்சடை மெயின் ரோட்டில் டூ வீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற பெரிய மனுஷன். செத்துப்போன அப்பாவின் வண்டியைத் தன் பேருக்கு மாற்றி, ஸ்ரீநாத் கொல்லையில் போட்டுத் தானே பிரித்து மாட்டினான். பழைய கிளட்ச் பிளேட்டில் கம்பியை வெல்டு வைத்துக் கிளட்சைப் பிடிக்கக் கைப்பிடி செய்தான். நீள போல்ட்டையும் பைப்புத் துண்டையும் வைத்துப் பிஸ்டன் பின்னை உருவினான். மேக்னட்டைக் கழற்ற மட்டும் எந்த ஜோடனையும் பலிக்கவில்லை. அதற்கான புல்லரை மாமாவிடம்தான் கெஞ்சி வாங்கினான். கொடுத்தவர், ஆயுத பூஜையன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து தலைமேல் நின்றுகொண்டார். "சாமிக்கு வைக்கணும், சீக்கிரம், சீக்கிரம்" என்று அரித்தெடுத்தார். அந்த அரிப்பில் கீ சட்டியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. காலை ஒன்பது மணிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மருந்துக் கம்பெனி மேனேஜரைப் பார்க்க வேண்டும். சொந்தப் பேரில் ஆர்.சி. புக் உள்ள வண்டியில் வந்தால் ரெப் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆள் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். டிகிரி முடித்து எத்தனையோ வாசல் ஏறி இறங்கியவனுக்கு அமைந்த ஒரே வேலை. அது கிடைத்த கையோடு மாமா பெண் பிருந்தாவைக் கேட்பதாக அம்மா இருந்தாள். பிருந்தாவுக்கும் அவன்மேல்தான் மனசு. மாமாவுக்கும் இது தெரியும். வில்லங்கமே அங்கேதான்.

மேக்னட்டை மறுபடி கழற்றினால்தான் கீயைப் போட முடியும். புல்லருக்காக ஒர்க்ஷாப்புக்கு ஓடினான். வாழை இலையில் ஸ்பேனர்கள் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. புல்லர் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பூச்சூடி.

"மாமா, அஞ்சே நிமிஷம். வண்டிய இங்கயே தள்ளிட்டு வாரேன்."

மாமா வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தை விட்டுத் தமிழுக்குத் தாவினார். சொந்தக்காரனிடம் அவர் தமிழ் பேசினால் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"பூஜையில வெச்சதைத் தூக்கச் சொல்றியா தம்பி? இதான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"வேலை போயிரும் மாமா."

"நாளைக்கு மறுபூஜை முடியட்டும், வந்து வாங்கிக்க. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம். இந்தா, பொரி எடுத்துக்க."

ஒன்பது மணிக் கதை அவருக்குத் தெரியாதா? காலையில் அவனே சொன்னதுதானே. தெரிந்துதான் பத்தரை என்றார், பாவி.

காளவாசல் வரை சைக்கிளை மிதித்தான். திறந்திருந்த கடை எல்லாவற்றிலும் வாழைக்கன்று, சாம்பிராணிப் புகை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆட்கள். ஊரில் இருந்த இரும்பு அத்தனையும் அன்றைக்குச் சாமி ஆகிவிட்டது. லேத் பட்டறை மலைச்சாமி சிரித்தான். "மெஷினுக்குப் பொட்டு வெச்சாச்சுண்ணே. இன்னிக்குத் தொட்டேன்னா வீட்டுக்காரி சோறு போடமாட்டா. நாளைக்கு வாங்க."

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. அவனுடைய சுத்தியலும் உளியும் அம்மாவின் பூஜையில் இருந்தன. ஸ்ரீநாத் குங்குமத்தோடு அள்ளினான்.

"டேய், சாமி குத்தம்டா! வேணாம்டா!" என்று அம்மா கதறினாள்.

"சாமி வந்து மேக்னட்டைக் கழட்டுமா?"

பட்டை இரும்பை வளைத்து, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு ஒரு புல்லர் செய்து பார்த்தான். பட்டைதான் வளைந்தது. கடைசியில் உளியை விளிம்பில் கொடுத்து ஓங்கி அடித்தான். நகரவில்லை. ஆத்திரத்தில் இன்னும் ஓங்கி அடித்தான். மேக்னட் இரண்டாகப் பிளந்தது. அது உட்கார்ந்திருந்த கிராங்குத் தண்டின் முனையும் நசுங்கிப்போனது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அப்பா செத்த அன்றுகூட அழாதவன் வாய்விட்டு அழுதான்.

விஜயதசமி காலையில் டவுன் பஸ்ஸில் போய் லாட்ஜில் நின்றான். மேனேஜர் வாசலை எட்டிப் பார்த்து, "வண்டி எங்க?" என்று கேட்டார். அதோடு அந்த வேலை முடிந்தது.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. மறுபூஜையை முடித்துக்கொண்டு, புல்லரை அவரே கையில் எடுத்து வந்தார். உடைந்த மேக்னட்டைப் பார்த்துத் தெருவே கேட்கிற மாதிரி உச்சுக்கொட்டினார்.

"அடடா, இம்புட்டு அவசரமா? பூஜையில இருந்த சுத்தியலை எடுத்தா விளங்குமா?"

"நானும் தலதலயா அடிச்சுக்கிட்டேன் சந்தானம். கேட்டாத்தானே" என்றாள் அம்மா. அவள் உண்மையாகவே நம்பினாள். அதுதான் ஸ்ரீநாத்தைக் கொன்றது.

"விடுக்கா. அவன் என்ன வேத்தாளா? நம்ம கடைக்கு வரட்டும். ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஆளில்லாம நானும் அல்லாடுறேன். விஜயதசமி, நல்ல நாளு. இன்னிக்கே ஆரம்பிக்கட்டும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா கால்ல விழுந்து கும்பிடுடா."

அந்தக் காலை வாரிவிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு. அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றாள். விழுந்தான்.

ஒர்க்ஷாப்பில் மாலை போட்ட புது பைக் ஒன்று நின்றது. மாமா அவன் தோளில் கை போட்டு அதன் பக்கத்தில் அழைத்துப் போனார்.

"திருநகர் விஜய்ஆனந்த் வண்டி. பாங்க்ல வேலை. சாயங்காலம் பிருந்தாவப் பொண்ணு பாக்க இதுலதான் வாராரு. செயின்ல சேறு கீறு இருந்தா எனக்குத்தான் அசிங்கம், நல்லாத் தொடை."

ஸ்ரீநாத் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.